செய்தி தேடிச் சென்றவர்கள் - 14: கொழும்பில் ஐந்து நாள்

சென்ற இதழில் நெல்லி பிளையை பிளாக்வெல் தீவின் மனநோய் விடுதி வாசலில் விட்டு வந்தோம். 1887 அக்டோபர். அவருக்கு வயது 23. பைத்தியம்போல நடித்து உள்ளே போய், பத்து நாள் இருந்து, வெளியே வந்து ‘நியூயார்க் வேர்ல்டு’ நாளிதழில் எழுதிய இரண்டு கட்டுரைகளால் நியூயார்க் நகரமே அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது. பென்சில்வேனியாவில் ஆறு வயதில் தந்தையை இழந்த எலிசபெத் காக்ரன்தான் இந்த நெல்லி பிளை என்பது அப்போது வெகுசிலருக்கே தெரியும்.

இந்த இதழில் அவர் உலகத்தைச் சுற்றக் கிளம்புகிறார். கப்பலேறுவதற்கு முன் அந்தப் பத்து நாளில் ஒரு விஷயத்தை மட்டும் மறுபடி நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த அத்தியாயம் முழுக்க அது நம் கூடவே வரப்போகிறது.

விடுதிக்குள் கால் வைத்ததுமே நெல்லி நடிப்பை விட்டுவிட்டார். எப்போதும்போலப் பேசினார், எப்போதும்போல நடந்துகொண்டார். யாரும் நம்பவில்லை. தெளிவாகப் பேசப் பேச, இது நோய் முற்றியதன் அடையாளம் என்றே மருத்துவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஜெர்மன் மட்டுமே தெரிந்த ஒரு பெண்ணை, அவள் சொல்வதைக் கேட்க ஒரு மொழிபெயர்ப்பாளரைக்கூட வைக்காமல் உள்ளே அடைத்திருந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து இரவு எட்டு மணி வரை முதுகு சாயாமல் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, அசையக் கூடாது. ஒருத்தி குளித்த அதே பனித் தண்ணீரில் அடுத்தவளுக்கும் குளியல். நல்ல மனநிலையில் இருக்கும் ஒரு பெண்ணை இங்கே இரண்டு மாதம் வைத்தால் அவள் மனமும் உடம்பும் சிதைந்துபோகும் என்று நெல்லி எழுதினார். அனுமதிச் சீட்டோடு ஒரு மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டுப் போயிருந்தால் இதில் எதுவும் தெரிந்திருக்காது. துடைத்த தரையும் வெள்ளை விரிப்பும்தான் கண்ணில் பட்டிருக்கும். அவர் அங்கே தங்கினார். அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தார், அந்தத் தண்ணீரில் நனைந்தார். அதன் பிறகுதான் விசாரணைக் குழு தீவுக்குப் போனது, நகரத்தின் பணப்பெட்டியும் திறந்தது.

தங்கியிருந்து பார்ப்பதுதான் நெல்லி பிளையின் தொழில். அந்தத் தொழிலுக்கு நேர் எதிரான ஒரு வேலையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார் என்பதுதான் இனி வரும் கதை.

திங்கட்கிழமை காலையில் ஆசிரியரிடம் சொல்ல ஞாயிற்றுக்கிழமையே கட்டுரைக்கு விஷயம் யோசித்து வைத்துக்கொள்வது அவர் வழக்கம். 1888-ல் ஒரு ஞாயிறு எதுவுமே தோன்றவில்லை. தலைவலி. படுக்கையில் புரண்டுகொண்டு, விடியற்காலை மூன்று மணிக்கு, பூமியின் அடுத்த முனைக்குப் போய்விட்டால் தேவலை என்று அலுத்துக்கொண்டார். அலுப்பில் வந்த வார்த்தையே யோசனையாகிவிட்டது. ஏன் போகக் கூடாது? ஜூல்ஸ் வெர்னின் ‘எண்பது நாளில் உலகைச் சுற்றி’ நாவல் அப்போது படித்தவர் வீட்டிலெல்லாம் இருந்தது. அதன் நாயகன் பிலியஸ் ஃபாக் கற்பனை மனிதர். அந்த எண்பது நாளை நிஜ மனுஷி ஒருத்தி குறைத்துக் காட்டினால்?

மறுநாள் முதல் வேலையாகக் கப்பல் கம்பெனிக்குப் போய்க் கால அட்டவணைகளை வாங்கிக் கூட்டிப் பார்த்தார். கணக்கு சரியாக வந்தது. அலுவலகத்தில்தான் வரவில்லை. இதே யோசனை முன்பே அங்கே பேசப்பட்டிருக்கிறது, ஆனால் ஆண் நிருபர் ஒருவரை அனுப்புவதாக. பத்திரிகையின் நிர்வாகி காரணங்களை அடுக்கினார்: பெண்ணுக்குத் துணை வேண்டும், துணை இல்லாமல் போனாலும் பெட்டி பெட்டியாகச் சாமான் கட்டுவாள், அவற்றைக் கப்பலுக்குக் கப்பல் மாற்றுவதிலேயே நேரம் போய்விடும். அப்படியானால் ஆணையே அனுப்புங்கள், அதே நாளில் வேறொரு பத்திரிகைக்காக நான் கிளம்பி அவரை முந்திக் காட்டுகிறேன் என்றார் நெல்லி. வாய்ச்சவடால் என்று யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. எப்போது அனுப்பினாலும் உங்களைத்தான் அனுப்புவோம் என்று வாக்குக் கொடுத்தார்கள்.

கொடுத்துவிட்டு ஒரு வருஷம் பேச்சே இல்லை.

1889 நவம்பரில் ஒரு மாலை. மழையும் குளிரும். உடனே வரும்படி ஆசிரியரிடமிருந்து சீட்டு வந்தது. எதற்குத் திட்டு விழப்போகிறதோ என்று போனவரிடம், நாளை மறுநாள் உலகத்தைச் சுற்றக் கிளம்ப முடியுமா என்று கேட்டார் ஆசிரியர். இந்த நிமிஷமே கிளம்புகிறேன் என்றார் நெல்லி.

மறுநாள் காலை தையற்காரரிடம் போய், மூன்று மாதம் தினமும் போட்டாலும் தாங்குகிற ஒரு உடை சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். மாலை ஐந்து மணிக்குத் தயார். மேலே போட்டுக்கொள்ளக் கட்டம் போட்ட நீள அங்கி ஒன்று. சாமான் என்று பார்த்தால் ஒரே ஒரு கைப்பை: 16 அங்குல அகலம், 7 அங்குல உயரம். இரண்டு தொப்பி, மூன்று முகத்திரை, செருப்பு, மைக்கூடு, பேனா, பென்சில், தாள், ஊசி நூல், உள்ளாடைகள், கைக்குட்டைகள், ஒரு கோப்பை, முகத்துக்குப் பூசும் குளிர்க்களிம்பு ஒரு ஜாடி. அந்த ஜாடிதான் வழி நெடுக இடத்தை அடைத்துக்கொண்டு தொல்லை கொடுத்ததாம். கையில் 200 பவுண்டு, பொன் நாணயமாகவும் பாங்க் ஆஃப் இங்கிலாந்து நோட்டாகவும். கைத்துப்பாக்கி ஒன்று வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். வேண்டாம் என்றுவிட்டார். நான் உலகத்தை எப்படி நடத்துகிறேனோ அப்படித்தான் அதுவும் என்னை நடத்தும், நான் ஒழுங்காக இருந்தால் எங்கும் யாராவது காப்பாற்றுவார்கள் என்பது அவர் நம்பிக்கை. நவம்பர் 14, வியாழக்கிழமை காலை 9.40-க்கு ‘அகஸ்டா விக்டோரியா’ கப்பல் அவரை ஏற்றிக்கொண்டு ஹோபோக்கன் துறையை விட்டு நகர்ந்தது. எழுபத்தைந்து நாளில் திரும்பி வருவதாக ஆசிரியரிடம் சொல்லியிருந்தார்.

கப்பலில் இருந்த அவருக்குத் தெரியாத ஒன்றை வாசகர் இங்கேயே தெரிந்துகொள்ளலாம். அன்று காலை ‘வேர்ல்டு’ இதழைப் பிரித்துப் பார்த்த ‘காஸ்மோபாலிட்டன்’ மாத இதழின் உரிமையாளர், தன் இதழில் இலக்கியப் பகுதி எழுதிவந்த எலிசபெத் பிஸ்லாண்ட் என்ற இளம்பெண்ணை அவசரமாக அழைத்தனுப்பினார். நெல்லி கிழக்கே போகிறாள், நீ மேற்கே போ என்றார். விருந்தினரைத் தேநீருக்கு அழைத்து வைத்திருந்த பிஸ்லாண்ட் முதலில் மறுத்தார். கடைசியில் மாலை ஆறு மணிக்கு ரயிலேறினார். உலகத்தைச் சுற்றி இரண்டு பெண்கள் எதிரெதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கு இது பந்தயம் என்பதே தெரியாது.

அட்லாண்டிக்கில் கடல் மயக்கம் நெல்லியைப் புரட்டிப் போட்டது. லண்டனைத் தொட்டு, பிரான்சில் அமியான் நகரத்துக்குப் போய் ஜூல்ஸ் வெர்னையும் அவர் மனைவியையும் பார்த்தார். கூடத்தில் தொங்கிய உலகப் படத்தில் பிலியஸ் ஃபாக் போன வழியை வெர்ன் நீலப் பென்சிலால் குறித்து வைத்திருந்தார். பக்கத்திலேயே நெல்லியின் வழியையும் குறித்துக் காட்டினார். என் நாயகன் பம்பாய் வழியாகப் போனானே, நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டார். ஃபாக் இந்தியாவில்தான் உடன்கட்டையிலிருந்து ஓர் இளம் விதவையைக் காப்பாற்றுவார். இளம் விதவையைவிட நேரத்தைக் காப்பாற்றுவதுதான் எனக்கு முக்கியம் என்றார் நெல்லி. வெர்ன் சிரித்திருப்பார். எனக்கு என்னவோ இந்தப் பயணம் முழுவதும் அந்த ஒரு பதிலில் இருப்பதாகப் படுகிறது.

இத்தாலியின் பிரிண்டிசி துறைமுகத்தில் ‘விக்டோரியா’ கப்பல் புறப்படும் தறுவாயில் அவர் தந்தி அலுவலகத்துக்கு ஓடினார். நியூயார்க் எந்த நாட்டில் இருக்கிறது என்று தந்தி ஊழியர் கேட்டுவிட்டுக் கட்டணப் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். கப்பல் சங்கு ஊதியது. நெல்லியும் உடன் வந்த ரயில் காவலரும் இருட்டில் ஓடி வந்தார்கள். நெல்லி ஏறிக்கொண்டார். கப்பலிலோ, தலைவாரும் பிரஷும் வங்கிப் புத்தகமும் மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் சுற்றும் பணக்கார அமெரிக்கப் பெண் என்று ஒரு வதந்தி. அதை நம்பிப் பின்னால் சுற்றியவர்களும் உண்டு.

சூயஸ் கால்வாயின் வாசலான போர்ட் சைடில் நடந்ததை மட்டும் நான் தாண்டிப் போக மாட்டேன். கரையிறங்கிய பயணிகள் பிச்சைக்காரர்களை விரட்ட ஆளுக்கொரு கைத்தடி, பெண்கள் ஆளுக்கொரு குடை எடுத்துக்கொண்டார்கள். நெல்லிக்கும் நீட்டினார்கள். அவர் வாங்கவில்லை. தடியால் அடித்து ஒருவனிடமிருந்து வெளியேற்றும் கெடுதலைவிட, அவனுக்குள் அடித்து ஏற்றும் கெடுதல்தான் அதிகம் என்று நினைத்தார். பிளாக்வெல் தீவின் பெஞ்சில் உட்கார்ந்து கற்ற பாடம் அது.

ஏடனைத் தாண்டி, டிசம்பர் 8-ம் தேதி ‘விக்டோரியா’ கொழும்பு வந்தது. அட்டவணைக்கு இரண்டு நாள் முன்னதாக. கடலிலிருந்து பார்த்த பச்சைக் கரை அவர் மனதைக் கவர்ந்துவிட்டது. பக்கத்தில் இன்னொரு மிதவைக் கட்டை சேர்த்த குறுகலான படகுகள் கப்பலைச் சூழ்ந்தன. அதில் ஒன்றில் ஏறித்தான் கரைக்குப் போனார். அந்தப் படகை அவர் எழுதும் சொல் நம்முடையது: ‘கட்டுமரம்’. தமிழ்க் கடற்கரையிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய், அமெரிக்க நிருபர் குறிப்பேட்டில் ஏறிய சொல்.

தங்கியது துறைமுகத்துக்கு எதிரே இருந்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டலில். ஐரோப்பா, ஆஸ்திரேலியா, சீனா, கல்கத்தா என்று நாலா பக்கமும் போகிற கப்பல்கள் கூடிப் பிரிகிற சந்தியாகக் கொழும்பு அப்போதுதான் மாறியிருந்தது. அலைதாங்கிச் சுவர் கட்டி முடித்த பிறகு காலித் துறைமுகத்தில் இருந்த கப்பல் போக்குவரத்தெல்லாம் இங்கே வந்துவிட்டது. ஆகவே ஹோட்டல் தாழ்வாரத்தில் உலகமே காத்திருந்தது. நெல்லியும் காத்திருந்தார். ஏறவேண்டிய ‘ஓரியண்டல்’ கப்பல் தயாராக நின்றது. ஆனால் ‘நேபால்’ என்ற பழைய கப்பல் வந்து சேர்ந்தால்தான் அது கிளம்பும். நேபாலோ வருவதாகக் காணோம். ஒரு நாள், இரண்டு நாள். நியூயார்க்கில் ‘வேர்ல்டு’ பத்திரிகை, நெல்லி எத்தனை நாள், எத்தனை மணி, எத்தனை நிமிஷத்தில் திரும்புவார் என்று வாசகரிடம் போட்டி வைத்து, வெற்றி பெறுபவருக்கு ஐரோப்பியப் பயணம் பரிசு என்று அறிவித்துச் சீட்டு அச்சடித்துக்கொண்டிருந்தது. இங்கே அவர் தாழ்வாரத்து நாற்காலியில். அந்த ஓட்டைக் கப்பல் வந்து சேர்ந்ததும் அப்படியே துறைமுகத்தில் மூழ்கித் தொலையட்டும் என்று சபித்ததை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

காத்திருந்த நாட்களில் என்ன செய்தார்? காலிமுகத் திடலோரம் வண்டியில் போனார். ரிக்‌ஷாவைப் பார்த்தார். பாம்பாட்டியின் வித்தை பார்த்தார். ஹோட்டல் தாழ்வாரத்தில் மாணிக்கமும் வைரமும் விற்க வந்த வியாபாரிகளைக் கவனித்தார். அமெரிக்க இருபது டாலர் பொன் நாணயத்தைக் கண்டதும் அவர்கள் ஆசையோடு வாங்கிக்கொண்டார்களாம். செலவழிக்க அல்ல, வளையம் கோத்துக் கடிகாரச் சங்கிலியில் தொங்கவிட. தன் நாட்டுப் பணத்தை எந்த ஊர் எப்படி மதிக்கிறது என்று பார்க்கவே கொஞ்சம் எடுத்துப் போயிருந்த அவருக்கு இது நல்ல செய்தி. இப்படிச் சின்ன விஷயங்களைப் பிடிப்பதில் அவர் கண் தப்பியதே இல்லை.

ஒரு நாள் விடியற்காலையில் கப்பல் நண்பர்கள் இருவரோடு கண்டிக்கு ரயிலேறினார்.

கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயிலில் போனவர்களுக்குத் தெரியும். ரம்புக்கணை வரை வயலும் தென்னையும். அதன் பிறகு, அந்தக் காலத்தில், இன்னொரு எஞ்சின் சேர்த்து வண்டி மலையேறும். கடுகண்ணாவைக்கு வரும்போது ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு. 1867-ல் முடிந்த இந்தப் பாதையைப் போட்டது சுற்றுலாவுக்காக அல்ல. மலையில் விளைந்த காப்பியைக் கொழும்புத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக. இரண்டே ஆண்டில், 1869-ல், இலைத்துரு நோய் காப்பிச் செடியைத் தாக்கியது. 1880-களில் காப்பி அழிந்து அந்த மலைகளெல்லாம் தேயிலையாகிக்கொண்டிருந்தன. நெல்லி போனது சரியாக அந்தச் சமயத்தில்.

காட்டை வெட்டியதும் செடி நட்டதும் யார்? மதுரை, திருநெல்வேலி, திருச்சி, தஞ்சாவூர், சேலம் பக்கத்து மக்கள். கங்காணி கொடுத்த முன்பணத்தில் கட்டுண்டு, கடல் தாண்டி, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தவர்கள். வழியிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் விழுந்தவர்கள் ஏராளம். வந்து சேர்ந்தவர்கள் லயங்களில் அடைந்தார்கள். ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை, விடிந்தால் பெயர்ப்பதிவு, துரை சொன்னதே சட்டம், தீராத கடன். கொழுந்து பறித்த கைகள் பெரும்பாலும் பெண்களின் கைகள். அவர்களுடைய மொழியைக் கேட்க அங்கேயும் யாருமில்லை.

அந்த லயங்களுக்குள் நெல்லி பிளை நுழையவில்லை. கண்டியை அவர் ஒரு பயணியாகப் பார்த்தார்: அழகான ஊர்தான், ஆனால் சொல்லிக்கொள்கிற அளவுக்கு இல்லை. பேராதனைப் பூங்கா மட்டும் போய்ப் பார்க்கத் தக்கது. வெயிலில் தலைவலி வந்து, பசியோடும் களைப்போடும் அன்று மாலையே கொழும்பு திரும்பினார்.

இதை அவர்மேல் குற்றமாக நான் சொல்லவில்லை. எந்த நிமிஷமும் கப்பல் கிளம்பலாம் என்று காத்திருக்கிற ஒருவர் மலைக்குள் போய்த் தங்க முடியாது. ஆனாலும் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் மனசு நின்றுவிடுகிறது. ஆங்கிலம் தெரியாத ஒரு ஜெர்மன் பெண்ணின் வழக்கை ஊரறியச் சொன்ன அதே எழுத்தாளர், ஆங்கிலம் தெரியாத ஆயிரக்கணக்கான தமிழ்ப் பெண்களின் மலைக்கு வந்து, ஒரு பகல் இருந்து, தலைவலியோடு இறங்கிப் போனார். பிளாக்வெல் தீவில் இருந்ததுபோல ஒரே ஒரு பத்து நாள் ஒரு லயத்தில் இருந்திருந்தால்! மலையகத்து மக்கள் தங்கள் கதையை அச்சில் பார்க்க அவ்வளவு காலம் காத்திருக்க நேர்ந்திருக்காது. பந்தயம் நெல்லிக்கு உலகப் புகழ் கொடுத்தது. அவர் தொழிலின் உயிரை அது எடுத்துக்கொண்டது என்பதே என் தீர்ப்பு. போகப் போக இன்னும் தெளிவாகத் தெரியும்: சீனர்களைப் பற்றி இந்தப் பயணத்தில் அவர் எழுதியவற்றில் சில, கப்பல் மேல்தட்டிலிருந்து பார்த்த ஒரு வெள்ளைக்காரப் பயணியின் வெறுப்பைத் தவிர வேறில்லை. தங்கியிருந்து பார்த்தவர் அப்படி எழுதமாட்டார்.

ஒருவழியாக நேபால் வந்தது. டிசம்பர் 13-ல் ‘ஓரியண்டல்’ கொழும்பை விட்டது. இரண்டு நாள் முந்தி வந்தவர் ஐந்து நாள் நின்று கிளம்பினார். பினாங்கைத் தொட்டு டிசம்பர் 18-ல் சிங்கப்பூர். அங்கே ஓர் இந்துக் கோயிலைப் பார்க்கப் போனபோது, பெண் என்பதால் உள்ளே விடவில்லை. ஏன் என்று கேட்டார். அமெரிக்காவில் ஹோட்டல்களின் பக்கவாசல் வழியாகப் போகச் சொல்கிறார்கள், இங்கே கோயிலுக்குள்ளேயே விடவில்லை, என்ன வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டார். இரண்டையும் ஒரே தராசில் வைத்த அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்க வேண்டும். சிங்கப்பூரில் ஒரு குரங்கையும் வாங்கிக்கொண்டார். கைப்பை ஒன்றோடு கிளம்பியவரின் சாமான் இரண்டானது.

தென்சீனக் கடலில் பருவக்காற்று கப்பலை உலுக்கியெடுத்தது. அறைக்குள் தண்ணீர் புகுந்தது. ஆனாலும் கப்பல் வேகம் குறையவில்லை. அந்தக் கடலில் எங்கோ ஓரிடத்தில் எதிரே வந்த கப்பலொன்றில் எலிசபெத் பிஸ்லாண்ட் இருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

டிசம்பர் 23 காலை, ஹாங்காங். எதிர்பார்த்ததற்கு இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிட்ட மகிழ்ச்சியோடு நெல்லி நேராகக் கப்பல் கம்பெனி அலுவலகத்துக்குப் போனார். ஜப்பானுக்கு அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டார். பெயரைக் கேட்ட அதிகாரி முகம் மாறியது. நீங்கள் தோற்கப்போகிறீர்கள் என்றார். யாரிடம் என்று விளங்காமல் நின்றவரிடம், மூன்று நாளைக்கு முன்பு இன்னொரு பெண் இங்கிருந்து கிளம்பிப் போய்விட்டாள் என்றார்.

நான் யாரோடும் பந்தயம் ஓடவில்லை, எழுபத்தைந்து நாளில் வருவதாக என் ஆசிரியருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், அவ்வளவுதான் என்றார் நெல்லி. குரல் நடுங்கவில்லை. ஹோபோக்கனை விட்டு அன்றோடு 39 நாள் ஆகியிருந்தது. ஜப்பானுக்குப் போகிற ‘ஓஷானிக்’ கப்பல் கிளம்புவதோ டிசம்பர் 28-ல். கொழும்பைப் போலவே இங்கும் ஐந்து நாள்.

(தொடரும்)